வனஜாவுக்குப் பின்னால் வள்ளி

வள்ளி, வளர்மதி, வனஜா.

இந்த மூன்று பெயர்களையும் அகர வரிசைப்படி அடுக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? ஒன்றும் செய்ய மாட்டீர்கள். ஏற்கெனவே அடுக்கித்தான் இருக்கிறது. புள்ளி வைத்த ‘ள்’ முதலில். அடுத்தது ‘ள’. கடைசியில் ‘ன’. ‘ய ர ல வ ழ ள ற ன’ என்று ஒன்றாம் வகுப்பில் ராகம் போட்டுக் கத்தியது மறந்திருக்காது.

இதே மூன்றையும் நம் ஊர் அலுவலகங்களுக்கு அவசர அவசரமாக எழுதிக் கொடுக்கப்பட்ட சாஃப்ட்வேர் ஒன்றிடம் கொடுத்துப் பாருங்கள். வனஜா, வளர்மதி, வள்ளி என்று வந்து நிற்கும். அச்சு அசல் தலைகீழ்.

‘அதனால என்ன சார்? மூணு பேரும் லிஸ்ட்ல இருக்காங்க இல்ல?’ என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இந்த வாரம்.

திருத்தணியில் ஓர் அலுவலகம். எது என்பது வேண்டாம். வரிசையில் எனக்கு முன்னால் எழுபது வயசுக்குக் குறையாத ஓர் அம்மா. உதவித்தொகை விஷயமாக வந்திருந்தார். ‘வள்’ என்று தொடங்குகிற பெயர். இந்த ஊரில் அது அதிசயமில்லை. முருகன் வள்ளியைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட மலை என்பது ஊர் நம்பிக்கை. தெருவுக்கு நாலு வள்ளியாவது இருப்பார்கள். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் சோம்பேறி இல்லை, அலட்சியக்காரரும் இல்லை. அச்சடித்த பட்டியலை எடுத்தார். ‘வ’ பக்கத்துக்குப் போனார். விரலை வைத்துக்கொண்டே இறங்கினார். வசந்தா, வடிவேலு, வனஜா. நிறுத்திவிட்டார். வனஜாவே வந்தாச்சு என்றால் ‘வள்’ எப்போதோ தாண்டியாச்சு என்றுதானே அர்த்தம்?

‘உன் பேரு இதுல இல்ல ஆயா. அடுத்த மாசம் வந்து பாரு.’

‘நல்லாப் பாரு நைனா.’

‘பாத்தாச்சு ஆயா. இல்ல.’

பெயர் அடுத்த பக்கத்தில் இருந்தது. பின்னால் நின்ற நாங்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சத்தம் போட்ட பிறகு பக்கத்தைத் திருப்பினார். நாங்கள் அங்கே இல்லாத நாட்களில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த இளைஞர் செய்த குற்றம் என்ன? பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த தமிழ் வரிசையை நம்பியது. ஒரு பட்டியலை அகர வரிசையில் அடுக்குகிறோம் என்றால், ‘இந்த இடத்தில் இல்லை என்றால் வேறு எங்கேயும் இல்லை’ என்று பார்ப்பவருக்கு வாக்குக் கொடுக்கிறோம். அந்த வாக்கைப் பட்டியல் மீறிவிட்டது. பழி மட்டும் ஆயாவின் பஸ் காசில் போய் விடியும்.

கம்ப்யூட்டர் ஏன் இப்படிச் செய்கிறது? அதற்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். ‘ந’வுக்கு 2984. அதற்கு ஒட்டினாற்போல் ‘ன’வுக்கு 2985. ‘ல’ 2994, ‘ள’ 2995, ‘ழ’ 2996, அதற்கு அப்புறம்தான் ‘வ’ 2997. புள்ளிக்கு 3021. வேறு எதுவும் சொல்லித் தரவில்லை என்றால் இயந்திரம் இந்த எண்களைப் பார்த்து அடுக்கும். ‘ன’ 2985, ‘ள’ 2995. எனவே வனஜா முதலில் வந்துவிடுகிறாள். வளர்மதிக்கும் வள்ளிக்கும் முதல் இரண்டு இடம் சமம். மூன்றாவது இடத்தில் வளர்மதிக்கு ‘ர’, அதாவது 2992. வள்ளிக்குப் புள்ளி, 3021. வள்ளி கடைசி.

‘ன’வைக் கொண்டுபோய் ‘ந’வுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது யார்? தமிழில் முப்பது எழுத்து, அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் என்பதுதான் தொல்காப்பியம் முதல் சூத்திரத்தில் சொல்லும் சேதி. கடைசி எழுத்து ‘ன’ என்பது அவ்வளவு பழைய சமாச்சாரம். 1988-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் சேர்த்து ‘இஸ்கி’ என்று ஒரு குறியீட்டு முறை வந்தது. அதில் எல்லா மொழிக்கும் ஒரே சீட்டிங் அரேஞ்ச்மென்ட். இந்தியின் ‘க’ எந்த நாற்காலியோ அதே நாற்காலியில்தான் தமிழின் ‘க’வும் தெலுங்கின் ‘க’வும். தமிழின் ‘ன’, ‘ற’, ‘ழ’ எல்லாம் அவரவர் சொந்தக்காரர் பக்கத்தில். ‘ந’வுக்கு அருகே ‘ன’, ‘ர’வுக்கு அருகே ‘ற’, ‘ல’வுக்கு அருகே ‘ள’வும் ‘ழ’வும். 1991-ல் வந்த யூனிகோட் அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருத்தணிக்காரர்கள் ரசிப்பார்கள். யூனிகோட் அட்டவணையில் தமிழுக்கு 128 இடம். அது முடிந்த மறு இடத்திலேயே தெலுங்கு தொடங்குகிறது. வேலி கூடக் கிடையாது. வள்ளி என்ற பெயரின் ஒவ்வோர் எண்ணோடும் 128-ஐக் கூட்டுங்கள். அதே வள்ளி தெலுங்கில் வந்து நிற்பாள்! கீழே கடைவீதியில் ஒரே பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் போர்டு எழுதுகிறவர் மனசுக்குள் போடுகிற கணக்கும் கிட்டத்தட்ட இதுதான். (எல்லாப் பெயருக்கும் இது செல்லாது. தெலுங்குக்கு நாலு ‘க’ உண்டே.) மொழிக்கு மொழி மாற்றி எழுதச் சுலபம் என்றுதான் அந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். மாற்றி எழுத அது நல்ல ஏற்பாடு. அகர வரிசைக்கு அது ஏற்பாடே அல்ல.

இங்கேதான் ஒரு கூட்டம் மைக்கைப் பிடித்துக்கொள்கிறது. ‘தமிழுக்கு எதிரான சதி! ‘ன’வை இடம் மாற்று! எண்ணை மாற்று!’ வடக்கெல்லைப் போராட்ட ரேஞ்சில் முழங்குகிறார்கள். ம.பொ.சி. போராடினார், படாஸ்கர் பேசித் தீர்த்தார், 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. நிலத்தில் கோட்டை மாற்றிப் போட முடிந்தது. யூனிகோடில் முடியாது. ஒரு தடவை இடம் கொடுத்த எழுத்தை மாற்றுவதில்லை என்று 1996-லிருந்து அவர்கள் விதி வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது. மாற்றினால் ஏற்கெனவே உலகம் முழுக்க எழுதி வைத்திருப்பதெல்லாம் உளறலாகிவிடும்.

சரி, நமக்கு நாமே தனி அட்டவணை போட்டுக்கொள்கிறோம் என்று 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கொடுத்து ‘டேஸ்16’ என்று ஒன்றைச் செய்தார்கள். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில், யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக ஏற்றுத் தமிழக அரசு ஆணையே போட்டது. உழைத்தவர்கள் விவரமானவர்கள். அதில் எழுத்துகள் நம் வரிசையில்தான் இருக்கின்றன. ஆனால் அது உட்கார்ந்திருப்பது யூனிகோடில் யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கிய பொதுப் புறம்போக்கில். அதற்கென்று எழுத்துரு இல்லாத போனில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆயாவின் பேரன் கையிலிருக்கும் போனில் தெரியாத தமிழை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதைவிட முக்கியம், எண் வரிசையை வைத்து ஒழுங்காக அடுக்குகிற மொழி உலகத்தில் அநேகமாக எதுவும் கிடையாது. இங்கிலீஷ் உள்பட! ஆங்கிலப் பெரிய ‘இசட்’டுக்கு எண் 90. சின்ன ‘ஏ’வுக்கு 97. எண்ணைப் பார்த்து அடுக்கினால் பெரிய எழுத்து ஜீப்ரா, சின்ன எழுத்து ஆப்பிளுக்கு முன்னால் வந்துவிடும். இங்கிலீஷ்காரன் எழுத்தை இடம் மாற்று என்று ஊர்வலம் போனானா? ஸ்பானிஷ்காரர்கள் ‘சி’யும் ‘ஹெச்’சும் சேர்ந்து வந்தால் அதைத் தனி எழுத்தாக எண்ணி ‘சி’க்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தார்கள். 1994-ல் அவர்களுடைய மொழிக் கழகங்கள் கூடி அந்த வழக்கத்தை விட்டன. அகராதி மாறியது. எண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மேலே இரண்டு புள்ளி வைத்த ‘ஓ’வை ஜெர்மன்காரர் சாதா ‘ஓ’வோடு சேர்ப்பார், ஸ்வீடன்காரர் ‘இசட்’டுக்கும் பின்னால் தள்ளுவார். ஒரே எழுத்து, ஒரே எண், இரண்டு வரிசை. எண் என்பது ரேஷன் கார்டு நம்பர் மாதிரி. ஆளை அடையாளம் காட்டும், பந்தியில் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லாது. அதைச் சொல்ல ஒவ்வொரு மொழிக்கும் தனியாக ஒரு விதி உண்டு. அதன் பெயர் கொலேஷன். தமிழில் வரிசை விதி என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழுக்கு அந்த விதி இருக்கிறதா? இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையில் உங்களுக்குக் கோபம் வர வேண்டிய இடம். யூனிகோட் அமைப்பே நடத்துகிற சிஎல்டிஆர் என்ற பொதுக் களஞ்சியத்தில் மொழிவாரியாக விதிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழுக்கும் எழுதியிருக்கிறார்கள். புள்ளி எழுத்து முதலில், பிறகு உயிர்மெய். ‘ன’ கடைசி. அதற்கு அப்புறம் ஜ, ஷ, ஸ, ஹ. கம்ப்யூட்டருக்கு ‘க்’கும் ‘ஷ’வுமாகத் தெரிகிற ‘க்ஷ’வைக்கூடத் தனி எழுத்தாகப் பார்த்துக் கடைக்கோடியில் வைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் க்ரியா அகராதியும் ‘அக்கா’வை ‘அகம்’ என்ற சொல்லுக்கு முன்னால் வைக்கின்றனவே, அதே நியாயம். இந்த விதிகளைப் படித்து வேலை செய்கிற ஐசியு என்ற மென்பொருள் இலவசம். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உள்ளேயே இருக்கிறது. அதாவது கவுன்ட்டர் இளைஞரின் சட்டைப் பையில் இருந்தது. அவர் மேஜை மேல் இருந்த பட்டியலில்தான் இல்லை.

தெரிந்த சாஃப்ட்வேர் தம்பி ஒருவரிடம் ஏன் இல்லை என்று கேட்டேன். ‘தமிழ் ஆர்டர் போட்டா ஸ்லோ ஆகுது சார். பேஜ் லோடு ஆகவே மாட்டேங்குது. அதான் எடுத்துட்டோம்’ என்றார்.

பொய் சொல்லவில்லை. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். ஆனால் காரணம் தமிழ் இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது என் சப்ஜெக்ட்டுக்கும் பக்கம்தான்.

நான் படித்தது பி.காம். பேரேட்டில் கணக்குகள் திறந்த வரிசையில் இருக்கும். அதனால் முன்பக்கத்தில் ஓர் இன்டெக்ஸ் வைப்போம். பெயர் வரிசை, பக்கத்தில் ஃபோலியோ நம்பர். முந்நூறு பக்கத்தைப் புரட்டாமல் ஆளைப் பிடிக்க. டேட்டாபேஸிலும் இதேதான். பெயர்கூட மாறவில்லை, இன்டெக்ஸ்தான். கூடுதலாக ஓர் ஆள் உண்டு. க்வெரி பிளானர் என்பார்கள். ‘திருத்தணி தாலுகா பயனாளிகளில் பெயர் வரிசைப்படி முதல் ஐம்பது பேரைக் கொடு’ என்று கேட்டால் பிளானர் உடனே ஓடாது. உட்கார்ந்து செலவுக் கணக்குப் போடும். பேரேடு முழுவதையும் படித்து, பிறகு அடுக்கினால் எவ்வளவு ஆகும்? இன்டெக்ஸைப் பிடித்துக்கொண்டு போனால் எவ்வளவு ஆகும்? எது மலிவோ அந்த வழி. மலையடிவாரத்தில் நின்றுகொண்டு 365 படி ஏறுவதா, ஆட்டோ பிடித்து ரோடு வழியாகப் போவதா என்று கணக்குப் போடுகிற குடும்பஸ்தன் மாதிரி.

ஆனால் பிளானருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அது நியாயமான பிடிவாதம். எந்த வரிசை விதிப்படி இன்டெக்ஸ் கட்டப்பட்டதோ, அதே விதிப்படி கேட்டால்தான் அடுக்குவதற்கு அந்த இன்டெக்ஸைத் தொடும். எண் வரிசையில் இன்டெக்ஸைக் கட்டி வைத்துவிட்டுத் தமிழ் வரிசையில் கொடு என்றால், ‘இது அந்த வரிசை இல்லையே’ என்று இன்டெக்ஸை ஓரமாக வைத்துவிட்டு முழுப் பேரேட்டையும் படிக்கும். ஐம்பது பேர்தான் வேண்டும். ஆனால் அந்த ஐம்பது பேர் யார் என்று தெரியவே அத்தனை லட்சம் வரியையும் பார்த்தாக வேண்டும். ஸ்லோ ஆகாமல் என்ன செய்யும்?

தீர்வு, தமிழ் விதிப்படி ஓர் இன்டெக்ஸ் கட்டுவது. போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸில் 2017-ல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து ஐசியுவின் தமிழ் வரிசையைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். ஒரு வரி எழுத வேண்டும். கொஞ்சம் டிஸ்க் இடம் போகும். புதுப் பெயர் சேர்க்கும்போது கொஞ்சம் கூடுதல் வேலை. அவ்வளவுதான் செலவு. தம்பி அந்த ஒரு வரியை எழுதவில்லை. தமிழைக் கழற்றிவிட்டார். பக்கம் வேகமாக வந்தது. மேலதிகாரி ‘குட்’ சொல்லியிருப்பார்.

விவரமான புரோகிராமர்கள் இன்னொரு வாதம் வைப்பார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் விஷயம் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28-ம் பதிப்பு வந்தது. அதில் வரிசை விதிகளை மொத்தமாகப் புதுப்பித்தார்கள். பழைய விதிப்படி கட்டிய இன்டெக்ஸ்களோடு, அந்த நூலகத்தை நம்பியிருந்த டேட்டாபேஸ்கள் புது சிஸ்டத்துக்கு மாறின. என்ன ஆகும்? உள்ளே இருக்கிற பெயரைக் கேட்டால் ‘இல்லை’ என்று பதில் வரும்! இருக்கிறதை இல்லை என்று நம்பி, ஒரே தடவைதான் இருக்க வேண்டிய பதிவை இரண்டாவது தடவையும் உள்ளே விட்டுவிடும். கம்ப்யூட்டர் இன்டெக்ஸில் தேடுவதும் நம் கவுன்ட்டர் இளைஞர் தேடியதும் ஒரே முறைதான். இருக்க வேண்டிய இடத்துக்குப் போகும், அங்கே இல்லையென்றால் எங்கேயும் இல்லை என்று கையை விரிக்கும். அதற்குப் பின்னால் நின்று சத்தம் போட ஆள் கிடையாது.

‘அதனாலதான் சார், எண் வரிசையே சேஃப்’ என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன், பாதி. உள்ளே ஆளைத் தேடிப் பிடிக்க எண் வரிசை இன்டெக்ஸ் இருக்கட்டும். யார் வேண்டாம் என்றது? ஆனால் மனிதர் கண்ணில் படுகிற பட்டியல், பிரின்ட் எடுத்து மேஜையில் வைக்கிற பட்டியல், சுவரில் ஒட்டுகிற பட்டியல் தமிழ் வரிசையில் வர வேண்டும். அதற்கு இரண்டாவது இன்டெக்ஸ். சிஸ்டத்தை மாற்றினால் அதை மறுபடி கட்டு. வருஷா வருஷம் பேரேட்டை மூடிப் புதுப் பேரேடு திறக்கிற கணக்கப்பிள்ளைகள் இருந்த ஊர் இது. இது ஒரு வேலையா?

வேலையை மிச்சப்படுத்த நம் ஆட்கள் கண்டுபிடித்த குறுக்குவழியை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள். தமிழ்ப் பக்கத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடு என்று ஒரு பட்டியல் விரியும். அரியலூர், செங்கல்பட்டு, சென்னை, கோயம்புத்தூர், கடலூர், தருமபுரி. இது எந்த ஊர் அகர வரிசை? ஆங்கில எழுத்துப்படி அடுக்கிவிட்டு மேலே தமிழ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். இங்கிலீஷ் தெரியாதவர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இறங்க வேண்டும். அதிலும் திருத்தணிக்காரர் பாடு! இங்கிலீஷில் ‘டி’க்குப் பிறகு ‘ஹெச்’ போட்ட ‘திரு’வும் உண்டு, போடாத ‘திரு’வும் உண்டு. எந்தக் கூட்டத்தில் தேடுவது? 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்குத் தக்கபடி மாற்றுவதாக அறிவித்து, அதே மாதத்தில் வாபஸ் வாங்கியது. வாங்காமல் இருந்திருந்தால் ‘சி’யில் இருக்கும் கோயம்புத்தூர் ‘கே’வுக்குப் போயிருக்கும். ஆங்கில ஸ்பெல்லிங் மாறியதால் தமிழ்ப் பட்டியலின் வரிசை மாறும் அதிசயம் நடந்திருக்கும்!

வரிசையாவது பரவாயில்லை, சில பெயர்கள் பட்டியலுக்குள்ளேயே இரண்டு அவதாரம் எடுத்திருக்கின்றன. கோமதி என்ற பெயரின் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘க’வோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ‘க’வோடு இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றேதான். இரண்டும் ஒன்று என்று யூனிகோடும் சொல்கிறது. ஆனால் சொல்லித் தராத டேட்டாபேஸுக்கு அவர்கள் இரண்டு கோமதி. ‘கெ’யில் தொடங்கும் பெயர்களைக் கொடு என்று கேட்டால், இரண்டு துண்டாக எழுதப்பட்ட ‘கொளஞ்சி’யும் உள்ளே வந்து நிற்பாள், முதல் துண்டு ‘கெ’தானே! மொழி வரிசைப்படி அவள் இடம் வேறு எங்கேயோ இருக்கும். முதலெழுத்தை வைத்துத் தேடும்போது மொழி வரிசை இன்டெக்ஸைப் பிளானர் நம்ப மறுப்பதற்கு இந்த மாதிரிக் குழப்பங்கள்தான் காரணம்.

ஒன்று என்று யூனிகோடே சொல்லாத இரட்டையரும் உண்டு. கௌரியின் ‘கௌ’வுக்குப் பதில் ‘கெ’ போட்டுப் பக்கத்தில் முழு ‘ள’வைத் தட்டிவிடுகிறார்கள். கெளரி. கண்ணுக்கு ஒன்றுதான். இயந்திரத்துக்கு வேறு ஆள். வங்கியில் ஒரு கௌரி, ரேஷன் கார்டில் ஒரு கெளரி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற இடத்தில் ‘பெயர் பொருந்தவில்லை’. திருப்பதிக்குப் போகும் வழியிலிருக்கும் ஊர் என்பதால் இங்கே ஸ்ரீநிவாசன்களுக்குப் பஞ்சமில்லை. அந்த ‘ஸ்ரீ’யும் இரண்டு ரகம். முதலில் ‘ஸ’வை வைத்துத்தான் எழுதினோம். 2005-ல் யூனிகோட் 4.1-ல் ‘ஶ’ என்ற எழுத்துக்கு இடம் வந்தபிறகு அதை வைத்தும் எழுதுகிறார்கள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். இதையெல்லாம் பெயரை உள்ளே வாங்கும் இடத்திலேயே ஒரே மாதிரி ஆக்கிவிடச் சின்ன நிரல் போதும். எழுதினால்.

பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கி ‘அகராதி நிகண்டு’ என்று ஒன்றைச் சிதம்பர ரேவண சித்தர் 1594-ல் செய்தார். அதுவரை நிகண்டு என்றால் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்; சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதி அதிலிருந்துதான் வளர்ந்தது. 1732-ல் வீரமாமுனிவரின் சதுரகராதி. இங்கே சொல் தேட அகர வரிசை வந்து நானூறு வருஷம் தாண்டிவிட்டது. கையால் ஓலையில் எழுதியவர்கள் வைத்த ஒழுங்கைக் கோடி ரூபாய் சாஃப்ட்வேர் வைக்க வேண்டாமா?

எனக்குத் தமிழ் ஆர்வலர்கள் மேல் வருத்தம் உண்டு. கடைப் பலகையில் தமிழ் எத்தனை அங்குலம் என்று அளக்கிறார்கள். யூனிகோட் அட்டவணையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். உதவித்தொகைப் பட்டியலின் ‘வ’ பக்கத்தை யாராவது பார்த்தார்களா? மாற்றவே முடியாத எண்ணோடு மல்லுக்கட்டுவதில் இருக்கிற சுகம், மாற்றக்கூடிய ஒரு வரியைக் கேட்டு வாங்குவதில் இல்லை போலும். மேடை கிடைக்காதே!

ஆனால் பெரிய கோபம் வாங்குகிறவர்கள் மேல்தான். நான் பார்த்த டெண்டர்களில் ‘மென்பொருள் தமிழை ஆதரிக்க வேண்டும்’ என்று ஒரு வாக்கியம் இருக்கும். தமிழை ஆதரிப்பது என்றால் என்ன? கை தட்டுவதா? திரையில் தமிழ் எழுத்து தெரிந்தால் ‘சப்போர்ட் இருக்கு சார்’ என்று கம்பெனிக்காரர் டிக் போட்டுவிட்டுப் போகிறார். சரக்கு வாங்கும்போது தரம், எடை, அளவு மூன்றையும் ஆர்டரிலேயே எழுது, இல்லாவிட்டால் வந்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று பி.காம். முதல் வருஷப் பையனுக்குத் தெரியும். ‘தமிழ்ப் பெயர்ப் பட்டியல்கள் சிஎல்டிஆர் தமிழ் வரிசையில் வர வேண்டும், அதற்கான இன்டெக்ஸோடு வர வேண்டும்’ என்று எழுத எவ்வளவு மை ஆகும்?

அதிகாரிகளுக்கு டெக்னிகல் விஷயம் புரியவில்லை என்றால் கவலை வேண்டாம். கொலேஷன், பிளானர் எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஒரு துண்டுச் சீட்டு போதும். அதில் இந்தப் பத்துப் பெயரையும் தாறுமாறாகக் கலைத்து எழுதிக்கொள்ளுங்கள்: கண்ணன், கணபதி, கணேசன், முத்து, முல்லை, முனியம்மா, வள்ளி, வளர்மதி, வனஜா, ஜெயந்தி. சாஃப்ட்வேரைக் காட்ட வருகிறவர் ஏசி அறையில் கலர் கலராகப் படம் போட்டு முடித்ததும் சீட்டை நீட்டி, ‘இதைக் கொஞ்சம் அடுக்கிக் காட்டுங்க’ என்று சொல்லுங்கள். நான் இங்கே எழுதியிருக்கும் வரிசையில் வந்தால் காபி வாங்கிக் கொடுங்கள். கணபதிக்கும் கணேசனுக்கும் பின்னால் கண்ணன் நின்றாலோ, முல்லைக்கு முன்னால் முனியம்மா முந்திக்கொண்டாலோ அவர் சிரித்துக்கொண்டே, ‘அடுத்த வெர்ஷன்ல பண்ணிடறோம் சார்’ என்பார்.

நீங்களும் சிரித்துக்கொண்டே செக்கை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, ‘அடுத்த வெர்ஷன்ல வாங்கிக்கங்க’ என்று சொல்லுங்கள்.